வெந்நீர் ஊற்று விட்டுப்போன கல்லைப் படிப்பது எப்படி: ட்ராவர்டினில் ஓர் எரிமலையின் வரலாறு

ஓர் எரிமலை எப்போது வெடித்தது என்று சொல்வது ஓரளவு எளிது. அது கக்கிய குழம்பும் சாம்பலும் கண்முன்னே கிடக்கின்றன. ஆய்வகத்தில் வயது பார்த்துவிடலாம். ஆனால் இரண்டு வெடிப்புகளுக்கு நடுவே லட்சக்கணக்கான ஆண்டுகள் அந்த மலைக்கடியில் என்ன நடந்தது? சூடு இருந்ததா, தண்ணீர் எந்த வழியாக வெளியே வந்தது, எப்போது நின்றது, எப்போது மறுபடி தொடங்கியது? அந்தத் தண்ணீர் எப்போதோ ஓடிப்போய்விட்டது. அது விட்டுப்போன கல் மட்டும் மிச்சம் இருக்கிறது. வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி அடுக்கடுக்காகப் படியும் அந்தக் கார்பனேட் கல்தான் ட்ராவர்டின்.

அதை எப்படிப் படிப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். நிலவியல் மாணவருக்கும் பயன்படும், பாறைகளை ஆசையோடு பார்க்கும் எவருக்கும் பயன்படும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கல் வளர்ந்த காலங்களைக் குறித்துவைத்தால் பாதி வேலைதான் முடிந்தது. கல் வளராத காலங்களில்தான் பெரிய செய்திகள் இருக்கின்றன.

முதல் படி: கையில் இருப்பது ட்ராவர்டின்தானா?

வெந்நீர் ஊற்றுகள் இரண்டு வகைக் கல்லை உண்டாக்கும். ஒன்று கால்சியம் கார்பனேட்டால் ஆன ட்ராவர்டின். இன்னொன்று சிலிக்காவால் ஆன சின்டர். இரண்டுமே வெள்ளையாக இருக்கும், இரண்டுமே படித்தட்டு படித்தட்டாக வளரும். தூரத்தில் நின்று பார்த்தால் தேர்ந்த கண்ணையும் ஏமாற்றிவிடும்.

நியூசிலாந்தில் ரோட்டோமஹானா ஏரிக்கரையில் இருந்த இளஞ்சிவப்பு, வெள்ளைப் படித்தட்டுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1886 ஜூன் 10 அன்று டரவேரா எரிமலை வெடித்தபோது மறைந்துபோனவை அவை. படங்களில் பார்த்தால் துருக்கியின் பாமுக்கலேயை அப்படியே ஒத்திருக்கும். ஆனால் அவை சிலிக்கா, பாமுக்கலே கார்பனேட்.

பிரித்தறிவது கடினமல்ல. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். ட்ராவர்டின் உடனே நுரைத்துப் பொங்கும், சின்டர் அசையாது. அமிலம் இல்லையென்றால் கத்தி முனையால் கீறிப் பாருங்கள். ட்ராவர்டினில் எளிதாகக் கோடு விழும். நன்கு இறுகிய சின்டரில் கத்தி வழுக்கும்.

அப்புறம் டூஃபா. அதுவும் கார்பனேட்தான், ஆனால் வெந்நீரில் அல்லாமல் சாதாரண வெப்பநிலை நீரில் உருவானது. பாசி, நாணல், இலை இவற்றின் அச்சு நிறையத் தெரியும். துளைத்துளையாக, லேசாக இருக்கும். எரிமலைச் சூட்டின் வரலாறு தேடுபவர் டூஃபாவை வைத்துக்கொண்டு கதை எழுதினால் கதை முழுவதும் தவறாகிவிடும்.

இரண்டாம் படி: தண்ணீர் வந்த வழியைக் கண்டுபிடியுங்கள்

இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை, அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

ட்ராவர்டின் உருவாக மூன்று சரக்குகள் வேண்டும்: கார்பன் டை ஆக்சைடு, கால்சியம், இவற்றைக் கொண்டுவரும் நீர். பூமிக்குள் அழுத்தத்தில் இருக்கும் நீர் ஏராளமான கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து வைத்திருக்கும். அந்த லேசான அமில நீர் சுண்ணாம்புக்கல் அடுக்குக்குள் புகுந்தால் கல்லைக் கரைத்துக் கால்சியத்தைச் சுமந்துகொள்ளும். நீர் மேலே வந்ததும் அழுத்தம் விடுபடுகிறது. வாயு குமிழ்குமிழாக வெளியேறுகிறது. வாயு போனதும் அவ்வளவு கால்சியத்தையும் கரைத்து வைத்திருக்க நீரால் முடியாது. கார்பனேட் கல்லாகப் படிகிறது. வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படிவதும் இதே வேதியியல்தான்.

பலர் நினைப்பதுபோல நீர் ஆறுவதால் கல் படிவதில்லை. கால்சைட் (கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம்) குளிர்ந்த நீரில்தான் அதிகம் கரையும். படிவுக்குக் காரணம் வாயு வெளியேறுவது. இதை மனதில் வைத்துக்கொண்டால், நீர் சலசலத்து விழும் விளிம்புகளில் ஏன் கல் வேகமாக வளர்கிறது என்பது தானாகப் புரியும். அங்கேதான் வாயு வேகமாக வெளியேறுகிறது.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு முக்கியமானது: எரிமலையின் ட்ராவர்டினை அதன் மையத்தில் தேடாதீர்கள், ஓரத்தில் தேடுங்கள். மையத்தில் நீர் மிகச் சூடாக இருக்கும். எரிமலைப் பாறையிலிருந்து சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு வந்து சின்டராகப் படிய வைக்கும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்ற பீறிடும் வெந்நீர் ஊற்று இருக்கும் பகுதியில் கிடைப்பது சின்டர். அதே பூங்காவின் வடக்கு ஓரத்தில், கால்டெராவுக்கு (பெருவெடிப்பில் நிலம் உள்வாங்கி உண்டான பள்ளத்துக்கு) வெளியே இருக்கும் மாமத் வெந்நீர் ஊற்றுகளில் கிடைப்பது ட்ராவர்டின். அங்கே போகும் வழியில் நீர் பழைய சுண்ணாம்புக்கல் அடுக்குகளைக் கடந்து வருகிறது. ஒரே பூங்கா, இரண்டு விதமான கல். காரணம் நீர் நடந்த பாதை.

ஆகவே களத்துக்குப் போகும் முன்பே நிலவியல் வரைபடத்தில் மூன்றைக் குறியுங்கள்: வெப்ப மூலம் எங்கே, சுண்ணாம்புக்கல் அடுக்கு எங்கே, இரண்டையும் இணைக்கும் நிலப்பிளவு எங்கே. மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் பெரிய படிவுகள் இருக்கும்.

எரிமலையே இல்லாமலும் வெப்ப ட்ராவர்டின் உருவாகும் என்பதையும் மறக்க வேண்டாம். பாமுக்கலே அப்படித்தான். அங்கே நிலம் இழுபட்டுப் பிளந்த பள்ளத்தாக்கில், பிளவுகள் வழியே ஆழத்திலிருந்து சுமார் 35 டிகிரி நீர் ஏறி வருகிறது. ட்ராவர்டின் இருப்பதால் மட்டும் பக்கத்தில் எரிமலை இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது.

களத்தில் இறங்கும் முன் பாதுகாப்பு

யெல்லோஸ்டோனில் வெந்நீர் ஊற்றுகளில் விழுந்தோ இறங்கியோ தீக்காயத்தால் இறந்தவர்கள் 20 பேருக்கு மேல். ஊற்றைச் சுற்றியுள்ள ஓடு பார்க்கக் கெட்டியாகத் தெரியும், அடியில் கொதிநீர் இருக்கும். மரப்பாதை போட்டிருந்தால் அதை விட்டு இறங்கவே இறங்காதீர்கள்.

வாயுவும் ஆபத்தானது. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, பள்ளங்களில் தேங்கும், வாசனை கிடையாது. பாமுக்கலேக்கு மேலே உள்ள பழைய ஹியராபோலிஸ் நகரத்தில் புளூட்டோனியம் என்ற குகைவாசல் இருந்தது. அதற்குள் விடப்பட்ட விலங்குகள் செத்து விழுந்ததைப் பழங்கால கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். காற்று அசையாத அதிகாலையில் ஊற்றுப் பள்ளங்களில் குனிந்து பார்ப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

தேசியப் பூங்காக்களில் அனுமதியின்றி ஒரு சில்லுகூட எடுக்கக்கூடாது. உயிருள்ள படித்தட்டில் சுத்தியல் படுவதை என்னால் எந்த ஆராய்ச்சியின் பேராலும் நியாயப்படுத்த முடியாது. சாலை வெட்டிய முகப்பு, கைவிட்ட கல்குவாரி, ஆறு அரித்த ஓரம் இவற்றில் மாதிரி எடுத்தால் போதும். உள்ளடுக்குகளும் அங்கேதான் நன்றாகத் தெரியும்.

மூன்றாம் படி: வடிவத்தை வரையுங்கள்

படிவு முழுவதையும் ஒரே பெயரில் அழைக்காமல் பகுதி பகுதியாகப் பிரித்து வரையுங்கள். ஊற்றுக்கண், அதிலிருந்து ஓடும் வாய்க்கால், வரப்புக் கட்டிய குட்டைகள், செங்குத்தான சரிவு, கடைசியில் நீர் பரவும் மென்சரிவு. இவை ஒவ்வொன்றும் நீரின் வெவ்வேறு வெப்பநிலையைக் குறிக்கின்றன.

ஊற்றுக்கண் ஒரே புள்ளியாக இருந்தால் கூம்பு வளரும். மாமத்தில் இருக்கும் லிபர்ட்டி கேப் அப்படிப்பட்டது: நீர் நின்றுபோன, சுமார் 11 மீட்டர் உயரக் கூம்பு. 1871இல் அமெரிக்க நிலவியலாளர் ஹேடனின் ஆய்வுக்குழு அதற்குப் பெயர் வைத்தது. நீர் நீண்ட விரிசல் வழியே வந்தால் கூம்புக்குப் பதில் நீளமான முகடு வளரும். முகட்டின் உச்சியில் அந்த விரிசல் வாய் பிளந்து தெரியும். முகடு ஓடும் திசையைக் காம்பஸில் அளந்து வையுங்கள். நிலம் எந்தப் பக்கமாக இழுபடுகிறது என்பதை அது காட்டும், ஏனென்றால் விரிசல் இழுவிசைக்குக் குறுக்காகத்தான் திறக்கும்.

நான்காம் படி: லென்ஸ் வைத்துப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று போதும்.

மாமத்தில் ஊற்றுக்கண்ணில் நீர் சுமார் 73 டிகிரி. அங்கே படிவது ஊசி ஊசியான அரகோனைட், கால்சியம் கார்பனேட்டின் இன்னொரு படிக வடிவம். வாய்க்காலில் கந்தகத்தை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் நீரோட்டத்தில் நூல் நூலாக நீண்டு மிதக்கின்றன. அவற்றைச் சுற்றி அரகோனைட் பூசிக்கொள்கிறது. பாக்டீரியா மக்கிப் போன பிறகும் உள்ளீடற்ற குழாய்கள் ஓட்டம் இருந்த திசையில் சாய்ந்தபடியே கல்லாகி நிற்கின்றன. நீர் போன திசையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சான்று வேறெதுவும் இல்லை.

குட்டைகளில் பார்க்க வேண்டியவை வேறு. நீர்ப்பரப்பின் மேல் கண்ணாடித் தாள்போல மெல்லிய கால்சைட் ஏடு கட்டுகிறது. கனம் தாங்காமல் உடைந்து அடியில் விழுந்து அடுக்குகிறது. பழைய கல்லில் இந்த ஏடுகளைப் பார்த்தால், அங்கே அசையாத குட்டை இருந்தது என்று தயங்காமல் எழுதலாம். வாயுக் குமிழ்கள்கூடக் கல்லாகின்றன: குமிழ் ஏறும்போதே அதைச் சுற்றிக் கார்பனேட் பூசிக்கொள்ள, உருண்டை உருண்டையான ஓடுகளாக உறைந்துவிடுகின்றன. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நீரை விட்டு வெளியேறிய வாயுவின் வடிவம் அப்படியே கையில் இருக்கும்.

நீர் 30 டிகிரியை ஒட்டி வரும்போது அரகோனைட் மறைந்து இறகு வடிவக் கால்சைட் வந்துவிடுகிறது. அதாவது, ஒரே அடுக்கைப் பின்தொடர்ந்து நடந்தால் ஊசியிலிருந்து இறகுக்கு மாறும் இடத்தில் பழைய வெப்பநிலைக் கோட்டைத் தொடலாம். ஆனால் எச்சரிக்கை: அரகோனைட் நிலையானதல்ல. காலப்போக்கில் கால்சைட்டாக மாறும். ஊசி வடிவம் மட்டும் மிஞ்சி, கனிமம் மாறியிருக்கும். அப்படி மாறிய கல்லை வயது பார்க்க அனுப்புவது வீண்.

அடுக்குகளுக்கு நடுவே வேறு பொருள் எது வந்தாலும் தனியாகக் குறியுங்கள். சிவந்த மண், வேர்த்தடம், ஆற்றுக் கூழாங்கல், எரிமலைச் சாம்பல். மண் அடுக்கு என்றால் நீர் நின்று, நிலம் காய்ந்து, செடி முளைத்தது என்று பொருள். சில சமயம் எலும்பும் வரும். துருக்கியின் டெனிஸ்லி பகுதியில் 2002இல் ட்ராவர்டின் பலகைகளை அறுக்கும் ஆலையில் ஹோமோ எரக்டஸ் என்ற ஆதி மனித இனத்தின் மண்டையோட்டின் பகுதிகள் கிடைத்தன. அவை 10 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. வேகமாகப் படியும் கல் என்பதால்தான் அது தன் காலத்து உயிர்களைப் பொதிந்து வைக்கிறது. மாமத்தில் சில இடங்களில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் வரைகூடக் கல் வளர்கிறது.

ஐந்தாம் படி: எது முந்தியது, எது பிந்தியது

மேலடுக்கு இளையது, கீழடுக்கு மூத்தது என்ற விதி ட்ராவர்டினில் பாதிதான் செல்லும். விரிசலுக்குள் படியும் பட்டைப் படிவுகள் சுவரிலிருந்து நடுவை நோக்கி, பக்கவாட்டில் வளரும். அங்கே நடுவில் இருப்பதுதான் இளையது.

ஆற்றுப் பள்ளத்தாக்கில் இன்னொரு விசித்திரம் உண்டு. ஊற்று பொதுவாக ஆற்றுமட்டத்தை ஒட்டித்தான் வெளிப்படும். ஆறு காலப்போக்கில் பள்ளத்தை ஆழப்படுத்த, ஊற்றும் கீழிறங்கும். எனவே பள்ளத்தாக்குச் சுவரில் உயரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் படிவு மூத்தது, ஆற்றருகே இருப்பது இளையது. ஒவ்வொரு படிவுக்கும் ஆற்றுமட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து வைத்தால், ஆறு எவ்வளவு வேகமாக அரித்தது என்ற கணக்கும் கூடவே கிடைத்துவிடும்.

ஆறாம் படி: வயது பார்ப்பது

யுரேனியம்–தோரியம் முறைதான் இங்கே முதன்மை. யுரேனியம் நீரில் கரையும், தோரியம் கரையாது. ஆகவே புதிதாகப் படிந்த கல்லில் யுரேனியம் இருக்கும், தோரியம் அநேகமாக இருக்காது. பிறகு யுரேனியம் சிதைந்து தோரியம்-230 சேர்ந்துகொண்டே போகும். அந்த விகிதத்தை அளந்தால் வயது. சுமார் 5 லட்சம் ஆண்டுகள் வரை இது நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் பிழை வேகமாகக் கூடிவிடும்.

மாதிரி எடுக்கும்போது கெட்டியான, துளையில்லாத, பழுப்பேறாத அடுக்கைத் தேடுங்கள். களிமண் கலந்திருந்தால் வெளியிலிருந்து தோரியம் வந்திருக்கும். வயது கூடுதலாகக் காட்டும். ஒரே இடத்தில் ஒரே மாதிரி எடுத்து நம்பாதீர்கள். கீழிருந்து மேலாகப் பல அடுக்குகளில் எடுங்கள். வயதுகள் வரிசையாக இறங்கி வந்தால் நம்பலாம். குழம்பிக் கிடந்தால் பிறகு வந்த நீர் யுரேனியத்தை அரித்துச் சென்றிருக்கலாம். அந்தத் தொகுதியையே ஒதுக்கிவிடுவது நல்லது.

ரேடியோகார்பன் இங்கே சரிப்படாது. கல்லில் உள்ள கார்பனில் பெரும்பகுதி பழைய சுண்ணாம்புக்கல்லிலிருந்தும் ஆழத்து வாயுவிலிருந்தும் வந்தது. அதில் ரேடியோகார்பன் துளியும் இல்லை. நேற்றுப் படிந்த கல்கூடப் பல ஆயிரம் ஆண்டு வயது காட்டும். இடையில் மாட்டிய மரக்கரி கிடைத்தால் அதைப் பாருங்கள்.

மிகப் பழைய படிவுகளுக்குக் காந்தத் திசை உதவும். பூமியின் காந்தப்புலம் கடைசியாகத் திரும்பியது சுமார் 7,73,000 ஆண்டுகளுக்கு முன்பு. கல்லில் உள்ள இரும்புத் துகள்கள் தலைகீழ்த் திசையைக் காட்டினால், படிவு அதற்கும் முந்தியது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: கார்பனின் பூர்வீகம்

சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கார்பன்-13 (சற்றுக் கனமான கார்பன் வகை) எவ்வளவு என்று ஒரு பொதுத் தரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; தரத்துக்குச் சமம் என்றால் மதிப்பு பூஜ்யம். மண்ணில் மக்கும் செடிகளிலிருந்து வந்த கார்பன் என்றால் மதிப்பு பூஜ்யத்துக்கு வெகு கீழே இருக்கும். ஆழத்து வாயுவும் கரைந்த சுண்ணாம்புக்கல்லும் கொடுத்த கார்பன் என்றால் பூஜ்யத்தை ஒட்டியோ அதற்கு மேலோ வரும். ஆனால் மதிப்பு உயர்வாக இருப்பதை வைத்து மட்டும் எரிமலை வாயு என்று சொல்ல முடியாது. ஊற்று இன்னும் ஓடுகிறது என்றால் அதன் வாயுவில் ஹீலியம்-3 பாருங்கள். அது கூடியிருந்தால் பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள மேன்டிலிலிருந்து வாயு வருகிறது என்பதற்கு அதுவே வலுவான சான்று.

எட்டாம் படி: எல்லாவற்றையும் கோத்துப் பாருங்கள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் வாயெஸ் கால்டெரா இருக்கிறது. சுமார் 12.5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மாபெரும் வெடிப்பில் நிலம் உள்வாங்கி உண்டான, 20 கிலோமீட்டருக்கு மேல் அகலமான பள்ளம். அதன் தென்மேற்கு வெளிப்புறத்தில், ஹேமெஸ் ஆற்றின் குறுக்கே சோடா டேம் என்ற ட்ராவர்டின் அணை நிற்கிறது. ஆறு அதைத் துளைத்துக்கொண்டு ஓடுகிறது. கால்டெராவுக்கு அடியில் சூடான நீர், வழியில் பழைய சுண்ணாம்புக்கல், இரண்டையும் இணைக்கும் ஹேமெஸ் நிலப்பிளவு. இரண்டாம் படியில் சொன்ன மூன்றும் இங்கே ஒன்றுசேர்கின்றன.

அங்கே மூன்று தலைமுறைப் படிவுகள் இருக்கின்றன. மூத்தது சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 4,80,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை வளர்ந்தது. அடுத்தது சுமார் 1 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பை ஒட்டித் தொடங்கி 58,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை. மூன்றாவது, கடந்த 5,000 ஆண்டுகளில் வளர்ந்து இன்றும் நீர் கசிவது.

இப்போது எண்களை வெடிப்போடு பொருத்துங்கள். கால்டெரா உண்டாகி ஓரிரு லட்சம் ஆண்டுகளிலேயே வெந்நீர் வெளியே ஓடத் தொடங்கிவிட்டது. அதாவது, எரிமலைக்கடியில் நீரோட்டம் அமைய அவ்வளவு காலம் போதும். பிறகு சுமார் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் படிவு நிற்கிறது. ஏன்? சூடு தணிந்துவிட்டதா? இல்லை, சூடு இன்றும் இருக்கிறது. ஆய்வாளர்கள் தரும் விளக்கம் எனக்கு மிகவும் ஏற்புடையது: ஏறத்தாழ அந்தக் காலத்தில் கால்டெராவின் தென்மேற்குச் சுவர் உடைந்து, உள்ளே தேங்கியிருந்த ஏரி வடிந்துபோனது. நீர்மட்டம் இறங்கியது. வெந்நீரை வெளியே தள்ளிய அழுத்தம் குறைந்தது. ஊற்று நின்றது. ஏரி வடிந்ததை எந்த எரிமலைச் சாம்பலும் பதிவு செய்திருக்காது. கல் வளராத காலம்தான் பதிவு செய்திருக்கிறது.

ஒன்பதாம் படி: இடைவெளிக்குக் காரணம் தேடுவது

இடைவெளி கண்டதும் எரிமலை அணைந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். நான் கடைசியாக நினைக்கும் காரணம் அது. அதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

படிவு தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டதா? இது மிகச் சாதாரணம். ஊற்றுக்கண்ணில் கல் வளர்ந்து வளர்ந்து வழி அடைபட, நீர் பக்கத்தில் வேறு இடத்தில் வெளிப்படும். அப்படியானால் ஒரு மேட்டில் வரும் இடைவெளி அடுத்த மேட்டில் இருக்காது. சுற்றியுள்ள எல்லா மேடுகளின் வயதையும் பார்த்த பிறகே பேசுங்கள்.

நிலநடுக்கம் பாதையை மாற்றியதா? உடைந்து, சாய்ந்து, மறுபடி கார்பனேட்டால் ஒட்டப்பட்ட கல்துண்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நிலநடுக்கம் அடைபட்ட வழியைத் திறந்தும் விடும்.

ஆறு ஆழப்பட்டு ஊற்று கீழே போய்விட்டதா? அப்படியென்றால் கீழே, வேறு உயரத்தில் அதே காலத்துப் படிவு கிடைக்கும்.

மழை குறைந்து நிலத்தடி நீர் இறங்கியதா? இந்தக் கேள்விக்கு நல்ல பாடம் ரோம் நகருக்கருகே டிவோலியில் இருக்கிறது. கொலோசியத்துக்குக் கல் கொடுத்த படிவு அது. பக்கத்திலேயே ஆல்பன் குன்றுகள் என்ற எரிமலை. டிவோலியின் படிவு சுமார் 1,15,000 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை வளர்ந்தது. ஆனால் தொடர்ச்சியாக அல்ல. அரிப்புத் தளங்கள் அதைப் பல அடுக்குத் தொகுதிகளாகப் பிரிக்கின்றன. எரிமலையும் நிலப்பிளவும் வாயுவைக் கொடுத்துக்கொண்டே இருக்க, நிலத்தடி நீர்மட்டம் ஏறியபோது கல் வளர்ந்தது, இறங்கியபோது அரிபட்டது என்று அந்தத் தளங்களை வாசிக்கிறார்கள்.

அதே படுகையில் நம் காலத்தில் கல்குவாரிகளுக்காக நீரை இறைத்தார்கள். நிலத்தடி நீர்மட்டம் இறங்கியது; பாஞ்ஞி டி டிவோலியில் நிலம் அமிழ்ந்து கட்டடங்கள் விரிசல் விட்டன. பழைய அரிப்புத் தளங்களை உண்டாக்கிய நீர்மட்ட இறக்கத்தை, இந்த முறை பம்புகள் சில பத்தாண்டுகளுக்குள் செய்து முடித்தன.